வீட்டாருக்கு இரவு உணவு சமைப்பது பாரமா, விருப்பமா?

மாயூரவாசி (மயிலாடுதுறை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு வங்கிக் கிளையில் பணியாற்றுகிறேன். கணவர், மாமியார், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகன், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம் எங்களுடையது. காலைச் சமையலைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. நேரம் நெருக்குவதால் யோசிக்கவே இடமிருக்காது; மதியத்துக்கும் சேர்த்து ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று கை தானாகவே செய்து முடித்துவிடும். என் கேள்வி இரவு உணவைப் பற்றியது.

மாலையில் பேருந்தைவிட்டு இறங்கும்போதே ‘இன்று ராத்திரிக்கு என்ன?’ என்ற நினைப்பு வந்துவிடுகிறது. மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் ஏழரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அவருக்கு இரண்டு இட்லியும் காரமில்லாத சட்னியும் போதும். கணவர் கடையைக் கட்டிவிட்டு ஒன்பது மணிக்கு வருவார். அவருக்குத் தோசை முறுகலாக, கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு வேண்டும். மகன் டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வருகிறான். இட்லி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மகள் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள், ஆனால் தொட்டுக்கொள்ள இரண்டு வகை இருக்க வேண்டும். ஆக, ஏழு மணிக்குப் பற்றவைத்த அடுப்பு பத்து மணிக்குத்தான் அணைகிறது. எல்லாரும் உண்ட பிறகு மிஞ்சிய மாவில் எனக்கென்று இரண்டு வார்த்து, பெரும்பாலும் நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன்.

எனக்குச் சமைக்கப் பிடிக்கும் என்பதுதான் இதில் எனக்கே விளங்காத செய்தி. ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் ரசவாங்கி வைக்கவோ, வாழைப்பூவை ஆய்ந்து வடை தட்டவோ தொடங்கினால் நேரம் போவதே தெரிவதில்லை. அதே கை, அதே அடுப்பு, உண்பவர்களும் அதே ஐந்து பேர். புதன்கிழமை இரவு மட்டும் ஏன் அது எரிச்சலாகிறது? அலுவலகக் களைப்புதான் காரணம் என்றால், விடுப்பு எடுத்து வீட்டிலிருக்கும் நாள்களில் இந்த அலுப்பு வரக்கூடாது. அன்றும் வருகிறது.

இதை வீட்டில் வாய்விட்டுச் சொன்னபோது, ‘கட்டியவனுக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் ஆக்கிப் போடுவதைப் பாரம் என்று சொல்லலாமா?’ என்று மாமியார் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீடுகளில் இரவுச் சமையல் எப்படி நடக்கிறது, அதை விரும்பிச் செய்கிறவர்கள் எதனால் விரும்புகிறீர்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். ‘ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் வேண்டாம்.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):

அம்மா மாயூரவாசி, எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதுகிறேன். உங்கள் மாமியாரும் நீங்களும் ஒரே வேலையைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பது என் கருத்து.

நான் மணமாகி வந்தது சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு. அங்கே அடுப்படியின் பெரிய வேலை முழுவதும் பகலோடு முடிந்துவிடும். இரவுக்கென்று புதிதாக வடிப்பது சோறு மட்டுமே. பகல் குழம்பு தணலில் சுண்டியிருக்கும். ரசத்தைச் சுடவைப்போம், அப்பளத்தைச் சுடுவோம், மோர் இருக்கும். வீட்டுக் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, பாட்டி ஒரே பாத்திரத்தில் பிசைந்து ஆளுக்கொரு கவளமாகக் கையில் போட்டுக்கொண்டே வருவார். இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் விருந்தாளிகளுக்கும் உரியவை. தவறினால், அமாவாசை, சனிக்கிழமை இரவுகளில் சோறு உண்ணாத பெரியவர்களுக்குப் பலகாரமாக வார்ப்பவை. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் ஆட்டுக்கல்லில் ஆட்டி எடுப்பதற்குள் ஒரு பெண்ணின் பிற்பகல் போய்விடும் என்பதால், நாள்தோறும் தோசை கேட்கும் துணிவு வீட்டுத் தலைவருக்கே இருந்ததில்லை.

கிரைண்டர் 1955-இல் கோயம்புத்தூரில் உருவானது. எங்கள் பக்கத்து நடுத்தர வீடுகளுக்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2011-க்குப் பிறகு அரசே விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுத்ததால் கூரை வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மாவைப் பல நாள் தாங்கும் ஃபிரிட்ஜும் வந்தது. ஆட்டுக்கல் போனதில் எனக்கு ஒரு துளியும் வருத்தம் கிடையாது. என் தோள்பட்டையைக் கேட்டால் இன்னும் அழுத்திச் சொல்லும். ஆனால், மாவு எப்போதும் வீட்டில் இருக்கிறது என்றானதும், வாரம் ஏழு நாளும் இரவு உணவு பலகாரமாகிவிட்டது. சோற்றை வடித்து வைத்துவிட்டு அந்த இடத்தைவிட்டு நகரலாம். தோசையை அப்படி வைத்துவிட்டு நகர முடியாது. உண்பவர் எழுந்திருக்கும் வரை வார்ப்பவர் கல்லின் முன் நிற்க வேண்டும். உங்கள் மாமியார் இளவயதில் செய்த இரவுச் சமையலில் இந்த நிற்றல் இருந்திருக்காது. அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இன்றும் சமையல் விருப்பமானதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக ஈர வயலில் தெளித்துவிடுகிற உளுந்து, பங்குனி கடைசியில் வீட்டுக்கு வரும். அந்தப் புது உளுந்தின் மாவு பொங்குகிற பொங்கலை வேறு எந்த மாதமும் பார்க்க முடியாது. அதைப் பார்ப்பதற்காகவே நான் ஆட்டுவதுண்டு. வத்தக்குழம்பில் மணத்தக்காளி வத்தலை எந்தப் பதத்தில் போட்டால் கசப்பு அளவோடு நிற்கும் என்பது பல ஆண்டு பழகிய பிறகு வரும் அறிவு. அந்த அறிவைப் பயன்படுத்தும்போது யாருக்கும் மகிழ்ச்சி வரத்தான் செய்யும். முறுகல் தோசைகளை வரிசையாக வார்ப்பதில் அப்படிப்பட்ட அறிவுக்கு இடமில்லை, கால்வலிக்குத்தான் இடமுண்டு. வாரத்தில் நான்கு இரவுகளேனும் சோற்றுக்குத் திரும்புங்கள் என்பேன். மாமியாரின் சர்க்கரைக்கு இட்லியைவிடச் சோறு பெரிய பகை என்று சொல்வார்கள். இட்லியும் அரிசிதான், அளவுதான் முக்கியம் என்று அவருடைய மருத்துவரே சொல்லக்கூடும்.

கோரையாறு (மன்னார்குடி பக்கம்):

ஆசிரியை அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஓர் ஆணின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் விவசாயி. என் மனைவி வெளியூர்ப் பள்ளியில் ஆசிரியை; இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். அதனால் ஆண்டின் பெரும்பகுதியில் இரவுச் சமையல் என் பொறுப்பு. எனக்கு அது விருப்பமானதுதான். ஆனால் அந்த விருப்பம் எதனால் வருகிறது என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தால், அதில் பாதி பிறர் தரும் பாராட்டினால் வருவது. நான் ஒரு மிளகுக் குழம்பு வைத்தால் மைத்துனி வீடு வரை செய்தி போகிறது. அதே குழம்பை என் மனைவி வைத்தால், உப்பு சற்றுக் குறைந்தால் மட்டுமே அது பேச்சாகிறது.

இன்னொன்றும் உண்டு. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்து, கல்லணை கடந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால், குறுவை நடவு முடியும் வரை நான் அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அந்த வாரங்களில் பள்ளியிலிருந்து வந்த களைப்போடு அவரே சமைக்கிறார். அப்போது யாரும் ‘ஆசிரியை சமைக்கிறார்’ என்று வியப்பதில்லை. நான் விலகிக்கொள்ள முடிகிற வேலை அது. அவரால் விலகிக்கொள்ள முடியாது. நான் அதை விரும்பிச் செய்வதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிய வந்தது. இந்த 97 கூட, ஏதேனும் வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு மட்டும் எடுத்த சராசரி. அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் நூற்றுக்கு 81 பேர்.

மாயூரவாசி அம்மையாரின் கேள்விக்கு என்னிடம் உள்ள நேரடிச் சான்று கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது கரையைக் கடந்த பிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் சும்மா நின்றன. தெருவில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி, கோயில் வாசலில் ஒரே அடுப்பு மூட்டி, தெருவுக்கே சேர்த்துச் சமைத்தோம். ஆண்கள் விறகு பிளந்து தண்ணீர் சுமந்தார்கள், பெண்கள் காய் அரிந்தார்கள், குழம்பைக் கூட்டியவர் அன்றன்றைக்கு வேறுபட்டார். ஒரு சோறு, ஒரு குழம்பு, அவ்வளவுதான். கூரையையும் தென்னையையும் இழந்து நின்ற நாள்கள் அவை. அதை இனிய நினைவு என்று நான் சொன்னால் எங்கள் தெருவே என்னை அடிக்க வரும். ஆனாலும், ‘அந்தச் சமையல் மட்டும் அலுக்கவே இல்லை’ என்று என் அண்ணி பின்பு சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். எனக்கு இது வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்க அன்று யாருக்கும் வாய் இல்லை. ஆக்கியவர்களும் எல்லாரோடும் உட்கார்ந்து உண்டார்கள்.

வடவாறு (தஞ்சாவூர்):

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் தெருமுனையில் ஓர் அம்மா மாலை ஆறு மணி முதல் இட்லி விற்கிறார். நானும் என் மனைவியும் வாரத்தில் பாதி நாள் அங்கேயே வாங்கிக்கொள்கிறோம். மற்ற நாள்களில் கடை மாவு இருக்கிறது. வருமானம் உள்ள குடும்பம், பிடிக்காத வேலையை விலை கொடுத்துத் தீர்த்துக்கொள்வதில் என்ன தவறு?

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி):

தவறு ஒன்றுமில்லை, வடவாறு சார். ஆனால் அந்த இட்லிக் கடை அம்மா தம் வீட்டுக்கு எத்தனை மணிக்கு உலை வைக்கிறார் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

நான் செவிலியராகப் பணியாற்றுகிறேன். என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்களை வளர்த்தவர். ஆசிரியை அம்மா சொன்ன பகல் சமையல் எங்கள் வீட்டில் கிடையாது என்பதால் இதை எழுதுகிறேன். விடியும் முன் வயலில் இறங்க வேண்டியவர்களுக்குக் காலையில் முந்தின நாள் சோற்றில் நீரூற்றிய பழையது. மதியமும் பெரும்பாலும் அதுவே, வரப்பில் உட்கார்ந்து. எனவே அந்திக்கு வைக்கும் உலைதான் அந்த நாளின் ஒரே சமையல், ஒரே சுடுசோறு. வயலைவிட்டு ஏறும்போதே அம்மா வரப்போரத்தில் ஆரைக்கீரையோ பொன்னாங்கண்ணியோ கிள்ளி மடியில் கட்டிக்கொள்வார். மழைக்காலமென்றால் வயல் நண்டு அகப்படும், அதை இடித்து ரசம் வைப்பார். களைக்கொல்லி தெளிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கீரையும் குறைந்துவிட்டது. என் பாட்டி காலத்தில் கூலியே நெல்லாகத்தான் கிடைக்கும். அதை அந்தியில் குற்றிப் புடைத்த பிறகே உலை. கீழத்தஞ்சையில் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு நடந்த போராட்டங்களும், 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டதும், இந்த அந்தி உலையில் போடும் அரிசியோடு தொடர்புடையவை என்பதை நாங்கள் மறப்பதில்லை.

இப்படிப்பட்ட சமையல் பாரமா, விருப்பமா என்று என் அம்மாவிடம் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, ‘சோறு வடிக்கிறது எனக்குப் பிடிக்கும், அடுப்பூதுறதுதான் பிடிக்காது’ என்றார். நாள் முழுவதும் குனிந்து வேலை செய்த உடம்புக்கு, நான்கு பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, உலை கொதிக்கும் வரை தானும் உட்கார்ந்திருப்பதுதான் அன்றைக்குக் கிடைக்கும் ஓய்வு. ஈர விறகும் புகையும்தான் துன்பம். எரிவாயு அடுப்பு வந்த அன்று முதல் அது தீர்ந்தது. எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு என்பதால் என்ன சமைப்பது என்ற கவலையை அவர் அறிந்ததே இல்லை. என்ன இருக்கிறது என்ற கவலைதான் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல, எது பெரியது என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மாயூரவாசி அக்காவின் கவலை பொய்யானதன்று.

மாமியார் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. 1982-இல் சத்துணவு வந்தபோது பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை அரசு எடுத்துக்கொண்டது. காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் பக்கத்துத் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் விரிவானபோது, அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டது. உப்புமாவும் கிச்சடியும் பள்ளியில் கிடைப்பதால் எங்கள் தெருத் தாய்மார்களுக்குப் பிள்ளைகள்மேல் அன்பு குறைந்துவிட்டதாக நான் காணவில்லை. மூன்று வேளையில் இரண்டு வேளை பிறர் சமைத்தும் குறையாத பாசம், மூன்றாவது வேளையைப் பாரம் என்று சொன்னால் மட்டும் எப்படிக் குறையும்? அது உழைப்பு என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. கணவர் பெயரில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்புக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய, குடும்பத் தலைவிகளுக்கான மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கும் உரிமைத் தொகை என்றே பெயர் வைத்தார்கள். நாளொன்றுக்கு 33 ரூபாய் போதுமா என்பது வேறு விவாதம்.

பந்திக்காரர் (வலங்கைமான்):

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறவன். என் தகப்பனாரும் இதே தொழிலில் இருந்தவர். ஐந்நூறு பேருக்குச் சமைத்துவிட்டு வருகிற எனக்கு, வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கும் என் மனைவியைவிட அலுப்புக் குறைவாக இருப்பது ஏன் என்று நானே பல நாள் யோசித்திருக்கிறேன். இங்கே எழுதியதைப் படித்த பிறகு அது சற்றுத் தெளிவாகிறது.

முதலில், என்ன சமைப்பது என்று நான் முடிவு செய்வதில்லை. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்து, பட்டியலை என் கையில் தருவார்கள். அதன்படி மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பொருள் வந்து இறங்கிவிடும். காய் நறுக்க நாலு அம்மாமார், பாத்திரம் தேய்க்க ஆள், பரிமாற ஆள், இலை எடுக்க ஆள் என்று தனித்தனியாக இருப்பார்கள். வீட்டில் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். அதற்கு மேல், நாளை எதை ஊறவைப்பது, வெங்காயம் தீர்ந்துவிட்டதா, பால் திரிந்துவிடுமா என்ற கணக்கும் அந்த ஆளின் தலையில்தான். கைவேலையைவிட இந்தக் கணக்குதான் ஆளைத் தின்கிறது என்பது என் அனுபவம். என் உதவியாளர்களில் கைவேலை தெரிந்தவர்கள் பலர். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கூடுதல் கூலி கொடுக்கிறேன்.

இரண்டாவது, தோசை விஷயம். ஆசிரியை அம்மா சொன்னது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். முகூர்த்தச் சாப்பாட்டில் சோறு முதல் பாயசம் வரை எல்லாம் முன்பே தயாராகிவிடும். பந்தி உட்கார்ந்ததும் எடுத்துப் பரிமாறுவதுதான் வேலை. வரவேற்பு இரவில் யாரேனும் சூடாகத் தோசை வேண்டும் என்று கேட்டால், ‘அதற்குத் தனியாகத் தோசை மாஸ்டர் போட வேண்டும், தனிக் கூலி ஆகும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். அவர் மூன்று மணி நேரம் கல்லைவிட்டு நகரமாட்டார். அதனால் அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கமாட்டோம். மாயூரவாசி அம்மா தம் வீட்டில் சமையல்காரர், பரிமாறுபவர், பாத்திரம் தேய்ப்பவர், இவற்றோடு தோசை மாஸ்டராகவும் இருக்கிறார். எந்தச் சமையல் கான்டிராக்டரும் இப்படி ஒரு ஆளை வைத்து வேலை வாங்கினால் அந்த ஆள் மறுநாள் வரமாட்டார்.

அதனால், உணவு வகையைத் தேர்ந்தெடுக்கும்போது ‘ருசியாக இருக்குமா’ என்று மட்டும் பார்க்காமல், ‘இதைச் செய்து வைத்துவிட்டு நானும் உட்காரலாமா’ என்று பாருங்கள். அரைத்துவிட்ட சாம்பார்ச் சோறு, கூட்டு, பொரித்த குழம்பு, தயிர்ச் சோறு எல்லாம் காத்திருக்கும். இட்லியும் ஹாட்பாக்ஸில் ஒரு மணி நேரம் காத்திருக்கும். தோசை, பூரி, அடை காத்திருக்காது. காத்திருக்காததை வேண்டுகிறவர் கல்லின் முன்னால் தாமே நின்றுகொள்ள வேண்டியதுதான். தொட்டுக்கொள்ள, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் கும்பகோணத்துக் கடப்பாவை மாலையிலேயே வைத்துவிட்டால் இட்லிக்கும் தோசைக்கும் சப்பாத்திக்கும் அது ஒன்றே போதும். பாப்பாவுக்கு இரண்டாவது வகையாக இட்லிப் பொடி.

மாயூரவாசி (மயிலாடுதுறை):

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி மாமியாரிடம் கேட்டேன். தம் இளமையில் இரவில் தோசை வார்த்ததே அரிது என்றும், பகல் குழம்பைச் சுண்டவைத்துச் சாப்பிட்டதுதான் வழக்கம் என்றும் சொன்னார். ‘அப்படியானால் நீ ஏன் தினமும் வார்க்கிறாய்?’ என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். இந்த வழக்கம் எப்படி வந்தது என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏன் இனிக்கிறது என்பதும் இப்போது ஓரளவு புலப்படுகிறது. அன்று மதியம் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உட்காருகிறோம், நானும் உட்காருகிறேன், என்ன சமைப்பது என்பதை நான் விரும்பித் தேர்ந்தெடுக்கிறேன். புதன்கிழமை இரவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. களைப்பு இதில் கடைசிக் காரணமாகத்தான் இருக்க வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சோற்றுக்குத் திரும்பினால் போதும் என்று ஆசிரியை அம்மா சொல்வதில், அந்தப் பழைய ஏற்பாட்டில் பகல் முழுவதும் பல பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள் என்பது விடுபட்டுப்போகிறது. பகலில் குழம்பு வைக்க ஆளிருந்ததால்தான் இரவு எளிதாக இருந்தது. எங்கள் வீட்டில் பகலில் கால்வலியோடு மாமியார் மட்டுமே இருக்கிறார். அவர்மேல் அந்த வேலையை ஏற்ற எனக்கு மனமில்லை. எனவே உணவை மாற்றுவது பாதி வழிதான், ஆளையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

இரண்டையும் தொடங்கியிருக்கிறோம். எட்டு மணிக்கு மாமியார், மகள், நான் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, செய்து வைத்ததைச் சாப்பிடுவது; அதற்காக மாமியார் தம் மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு அரைமணி தள்ளிக்கொண்டார். ஒன்பது மணிக்குப் பிறகு வருபவர்களுக்குச் சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கும். முறுகல் வேண்டுபவர் மாவை எடுத்துத் தாமே வார்த்துக்கொள்வது. கணவர் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை, மகன் ஆர்வமாகவே இருக்கிறான். ஆனால் அவர்கள் வார்க்கும்போதெல்லாம் மாவு கல்லில் ஒட்டிப் பிய்ந்து வருகிறது. பாதி மாவு வீணாகிறது. பொறுக்க முடியாமல் நானே எழுந்து போய்விடுகிறேன். பந்திக்காரர் ஐயா, இதற்கு ஏதேனும் வழி சொல்லுங்கள். கடப்பாவின் பக்குவத்தையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

பந்திக்காரர் (வலங்கைமான்):

கடப்பா எளிதுதான், அம்மா. பாசிப்பருப்பைக் குழைய வேகவையுங்கள். உருளைக்கிழங்கை வேகவைத்துக் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை, இரண்டு பல் பூண்டு ஆகியவற்றை நைசாக அரையுங்கள். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும். ஆற ஆற இறுகும் என்பதால் வைக்கும்போதே சற்று நீர்க்க வையுங்கள். ஒன்பது மணிக்கு வருபவருக்குப் பதம் சரியாக இருக்கும். உங்கள் மாமியாருக்கு எடுக்கும்போது கிழங்கைக் குறைத்துப் பருப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

கல் ஒட்டுவது மாவின் குற்றமன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை உடனே ஊற்றாமல், குளிர் நீங்கும் வரை வெளியே வைக்கச் சொல்லுங்கள். இரும்புக் கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணித்து, பாதியாக நறுக்கிய வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுக் கல் முழுவதும் அழுத்தித் தேய்த்த பிறகுதான் முதல் தோசை. முதல் இரண்டு பிய்ந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், நீங்கள் எழுந்து போகாதீர்கள். என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கும் பிய்கிறதுதான். கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது. அந்தக் கல்லிலேயே சப்பாத்தியும் போடுகிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்திவிட்டு, சப்பாத்திக்கு வேறொரு கல் வாங்கிக்கொள்ளுங்கள்.